அக்கா இடையிடையே "ஆள் இல்லாமல்" போகிறாள் – ஆயுர்வேதத்தில் இதற்கு என்ன செய்வார்கள்?

திருக்கடலூர்த்_தங்கச்சி

வணக்கம். திருகோணமலைப் பக்கம் உள்ளவர்கள் யாருக்காவது இதைப் பற்றித் தெரிந்தால் சொல்லுங்கள்.

அக்காவுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கொஞ்சக் காலமாக அவளுக்கு ஒரு மாதிரி. திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள், கை நின்றுவிடும். கண் திறந்தபடியே இருக்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிறகு தானாகவே வந்து, விட்ட இடத்திலிருந்து துருவத் தொடங்குவாள். கேட்டால் "நான் எங்கையும் போகேல்லையே" என்பாள். வேறு சில நாட்களில் அவளே சொல்லுவாள்: "இது என்ர கை மாதிரித் தெரியேல்லை", "நீங்கள் எல்லாரும் தூரத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று. கோயில் வெடி, காற்றில் கதவு அடிபடுகிற சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடும், அன்றைக்கு முழுக்க இதே நிலைமைதான். 2004-இல் கடல் உள்ளே வந்தபோது அவள் கரையில் நின்றவள். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்கில் காட்டினோம். டிசோசியேஷன் (மனம் தன்னிலிருந்தும் சுற்றியிருப்பதிலிருந்தும் விலகிப்போகிற நிலை) என்று சொல்லி ஒரு மாத்திரை தந்திருக்கிறார்கள், கதைப்பதற்கும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "விசர் மாத்திரை குடுத்து ஆளை மந்தமாக்கிப்போடுவாங்கள்" என்கிறா. உப்புவெளியில் ஹோட்டலில் வேலை செய்கிற சொந்தக்காரர் ஒருவர், நெற்றியில் எண்ணெய் ஊற்றுகிற சிரோதாரா செய்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். அதைச் செய்யலாமா? வல்லாரை, அமுக்கரா எல்லாம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

கிண்ணியாக்_காக்கா

தங்கச்சி, மருந்து பற்றித் தெரிந்தவர்கள் வருவார்கள். அதுவரைக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் இப்படி வந்தால் முதலில் ஓதிப் பார்க்கத்தான் கொண்டுபோவார்கள். உங்கள் பக்கம் நூல் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள். ஓதித் தந்த தண்ணீரைக் குடித்து ஒருத்தரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் பிரம்பைத் தூக்குகிற இடத்துக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். எங்கள் ராத்தாவுக்கும் கடல் வந்த பிறகு இதே மாதிரி இருந்தது. அவளைப் பிடித்து உலுக்கின ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரமாகத்தான் போனாள்.

நிலாவெளி_வைத்தியர்

நான் பதிவுபெற்ற வைத்தியர், நிலாவெளிப் பக்கம் சிறிய வைத்தியசாலை நடத்துகிறேன். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்லும் பழக்கம் இல்லை, ஆகவே பொதுவாக எழுதுகிறேன்.

ஆயுர்வேத மூல நூலான சரக சம்ஹிதையில் உன்மாதம், அதாவது மனப் பிறழ்வு பற்றிய பகுதியில் எட்டு விஷயங்கள் பிறழ்வதாகச் சொல்லப்படுகிறது: மனம், புத்தி, சுற்றுமுற்றும் பற்றிய உணர்வான சங்ஞா ஞானம், நினைவான ஸ்மிருதி, விருப்பம், சீலம், செய்கை, ஆசாரம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அக்காவுக்குப் புத்தியும் ஆசாரமும் கெடவில்லை. சங்ஞையும் ஸ்மிருதியும்தான் விட்டுவிட்டுப் போகின்றன. டிசோசியேஷன் என்று இன்றைக்குச் சொல்கிற நோய் அதே உருவத்தில் எங்கள் நூல்களில் இல்லை. ஆகவே "இது உன்மாதம்தான்" என்று முத்திரை குத்துகிற வைத்தியரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

எங்கள் முறை இதை வாதத்தின், அதாவது உடம்பில் உள்ள காற்றின் குணத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும். மனத்தை அடக்குவதும் ஓட்டுவதும் வாயு என்கிறார் சரகர். பயம், துக்கம், பட்டினி, நித்திரை இல்லாமை, ஓயாத அலைச்சல் எல்லாம் வாதத்தைக் கிளப்பும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திருகோணமலையில் உடம்பே காய்ந்துபோகிறது. அந்த நாட்களில் நித்திரை குறைந்தது, படபடப்புக் கூடியது என்று வருகிறவர்கள் எனக்கு அதிகம். வாதத்துக்கு மாற்று எண்ணெய்ப்பசை, இளஞ்சூடு, ஒழுங்கான நேரம், வயிற்றில் சாப்பாடு. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நான் பார்த்த அளவில் ஆட்களுக்குப் பிடிமானம் தருவது இவைதான்.

சிரோதாரா பற்றி. நல்ல சிகிச்சை, நானே செய்கிறேன். நித்திரையின்மைக்கும் தலையிடிக்கும் அடிக்கடி செய்வேன். உங்கள் அக்காவுக்கு இப்போது வேண்டாம் என்பேன். காரணம் இருக்கிறது. நாலு விரல் உயரத்திலிருந்து இளஞ்சூட்டு எண்ணெய் நெற்றியில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரே சீராக ஓடும்போது ஆள் நித்திரையும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு நிலைக்குப் போவார். ஜப்பானில் 2000-களில் இதை ஆராய்ந்தவர்கள், ஊற்றுகிறவரின் கைப்பழக்கம் கணக்கைக் குழப்பக்கூடாது என்று இயந்திரத்தை வைத்தே எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். பிரக்ஞை நிலை மாறுகிறது என்றுதான் அவர்களும் பதிவு செய்தார்கள். சாதாரண ஆளுக்கு அது சுகம். தன்னை அறியாமலே விலகிப்போகிற ஆளுக்கு, விலகுவதற்கு இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிற வேலை அது.

இப்படியானவர்களை முதலில் உடம்புக்குள் கொண்டுவர வேண்டும். ஆறுதல்படுத்துவது அதற்குப் பிறகு. நான் பாதத்திலிருந்துதான் தொடங்குவேன். இரவு படுக்கப்போக முன் நல்லெண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். அக்காவே தன் கையால் பூச வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். குதிக்காலைப் பெருவிரலால் அழுத்தி, உள்ளங்காலின் குழி, பிறகு விரல் ஒவ்வொன்றாக. "இது வலது கால், இது சின்ன விரல்" என்று வாயால் சொல்லிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் நல்லது, சிரிக்கட்டும். முடிந்ததும் துணியால் வடிவாகத் துடைத்துவிடுங்கள், சீமெந்துத் தரையில் வழுக்கி விழுந்தால் வேறு கதையாகிவிடும். பிறர் தொட்டு மசாஜ் செய்வதெல்லாம் அவள் தானாகக் கேட்டால் பார்க்கலாம்.

வல்லாரை, அமுக்கரா பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஆள் வந்திருக்கிறார்.

பழைய_ஏடு

வைத்தியர் ஐயா வசதியான பக்கங்களை மட்டும் வாசித்திருக்கிறார். என் பாட்டன் பரம்பரைப் பரியாரி. மனப் பிறழ்வுக்குப் பயம் காட்டுவதும் ஒரு சிகிச்சை என்று அதே சரகம் சொல்கிறது. பல் பிடுங்கிய பாம்பு, பழக்கிய சிங்கம், யானை இவற்றை வைத்துத் திடீரென்று பயப்படுத்தலாம். அரச சேவகர்கள் ஆளைக் கட்டி வெளியே கொண்டுபோய் "கொல்லப்போகிறோம்" என்று மிரட்டலாம். உயிர்ப் பயம் மற்ற எல்லா வேதனையையும் விடப் பெரியது, ஆகவே சிதறிப்போன மனம் அதனால் ஒருமுகப்படும் என்பது காரணம். நெய்யும் சாதாரண நெய் இல்லை. பத்து வருஷம் வைத்த பழைய நெய். இன்றைக்குப் பட்டம் எடுத்தவர்களுக்குக் காலுக்கு எண்ணெய் தடவத்தான் தெரிகிறது.

சம்பூரான்

பழைய ஏடு அண்ணை, நீங்கள் எழுதியது நூலில் இருக்கிறதுதான். நானும் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன்.

இரவில் வந்து, கட்டி, வெளியே கொண்டுபோய், "கொல்லப்போகிறோம்" என்று மிரட்டுவது. அந்தச் "சிகிச்சை" இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் காசில்லாமல் நடந்தது? அதில் யாருக்கு மனம் ஒருமுகப்பட்டது? நாங்கள் 2006-இல் சம்பூரிலிருந்து வெளிக்கிட்டவர்கள். 2015-க்குப் பிறகுதான் சொந்தக் காணியைக் கண்டோம். இடையில் முகாமில் இருந்த பெண் பிள்ளைகளில் சிலர், ஹெலிச் சத்தம் கேட்டால் கையில் வைத்திருக்கிற வாளியோடு அப்படியே நிற்பார்கள். தண்ணீர் லைனில் பின்னால் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். அவர்களுக்குக் கேட்காது. பயம் குறைவாக இருந்ததாலா அப்படி நின்றார்கள்?

பத்து வருஷ நெய்யை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளி_வைத்தியர்

சம்பூரான் சொன்னதற்கு மேல் பயம் காட்டுவது பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அதே அத்தியாயம்தான் கொஞ்சம் தள்ளி, விருப்பமான ஒன்றை இழந்ததால் மனம் நொந்தவருக்கு அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்து, ஆறுதல் சொல்லி, தேற்ற வேண்டும் என்கிறது. காமம், சோகம், பயம், கோபம், பொறாமை போன்றவற்றால் வந்ததை அதற்கு எதிரான உணர்வால் ஆற்ற வேண்டும் என்கிறது. பயத்தால் வந்ததற்கு எதிரானது பாதுகாப்பு. பாம்பைக் காட்டுவது எந்தக் கணக்கில் எதிரானது? நூலை நூலாலேயே அளந்தாலும் இந்தப் பிள்ளைக்குப் பொருந்துவது பின்னது.

பழைய ஏட்டின் பாட்டனார் நல்ல வைத்தியராகத்தான் இருந்திருப்பார். பரம்பரை வைத்தியர்களை நான் குறைத்துப் பேசுகிறவன் இல்லை. எலும்பு முறிவுக்கும் விஷக்கடிக்கும் அவர்களிடம் நான் கற்றது நிறைய.

சரகர் சிகிச்சையை மூன்று வகையாகப் பிரிக்கிறார். தெய்வத்தைச் சார்ந்தது, அதாவது மந்திரம், நேர்த்தி, பூசை. யுக்தியைச் சார்ந்தது, அதாவது மருந்தும் உணவும். மூன்றாவது சத்துவாவஜயம்: கெடுதி செய்கிற விஷயங்களிலிருந்து மனத்தைப் பிடித்து நிறுத்தப் பழக்குவது. மனத்தின் தோஷங்களுக்கு மருந்தாக ஞானம், விஞ்ஞானம், தைரியம், ஸ்மிருதி, சமாதி என்று சொல்லுகிற இடமும் உண்டு. ஆஸ்பத்திரியில் "கதைக்க வாங்கோ" என்கிறார்களே, அது இந்த மூன்றாவதின் வேலை. அதை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பிடித்துக்கொள்வது அரைச் சிகிச்சை. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், சில வேளை ஏற்றுக்கொள்வா.

கிளினிக்_தாதி

நான் மனநலப் பகுதியில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. ஒருவரும் இன்னும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அக்கா அப்படி நிற்கும்போது வாயைச் சப்புகிறாளா? விரல்களால் சேலையையோ பொத்தானையோ அர்த்தமில்லாமல் நோண்டுகிறாளா? வந்த பிறகு கொஞ்ச நேரம் திக்குத்திசை தெரியாமல் இருக்கிறாளா? விழுந்து கை கால் இழுக்கிறது மட்டும்தான் வலிப்பு என்று எங்கள் சனம் நினைக்கிறது. வெறித்துப் பார்த்தபடி நிற்கிற வலிப்பும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். ஃபோனில் ஒரு தடவை வீடியோ எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஈஈஜி ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து வலிப்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆகவே வீடியோவை அழிக்காதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மந்தமாக இருந்தால் டொக்டரிடம் அதையே சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள். திடீரென்று நிறுத்தி, தலைசுற்றலும் நித்திரையின்மையும் வந்து, "பாத்தியளோ, இங்கிலிஷ் மருந்து செய்த வேலை" என்று வந்து நின்ற குடும்பங்கள் ஏராளம்.

அவள் "போகிற" நேரத்தில் என்ன செய்வது? உலுக்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள், கன்னத்தில் தட்டாதீர்கள். முன்னால் வந்து, பேரைச் சொல்லி, மெதுவாக: "இது எங்கட குசினி. இண்டைக்கு வியாழக்கிழமை. நான் உன்ர தங்கச்சி. கால் நிலத்தில இருக்கு." அவ்வளவுதான். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் கசக்கி மணக்கக் கொடுங்கள். தேசிக்காயும் சரி. கருவாடு, மீன் மணம் வேண்டாம், அவளுடைய கதைக்கு அது எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. கொதி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் தனியாக விடாதீர்கள். கட்டு இல்லாத கிணறு வீட்டில் இருந்தால் தண்ணீர் அள்ளுகிற வேலையை வேறு ஆள் செய்யட்டும்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே அவரவர் சமயத்திலிருந்து மன அமைதிப் பயிற்சியை எடுத்துக் கொடுத்தவர். சைவர்களுக்கு மந்திர ஜபம், முஸ்லிம்களுக்கு இறைவனின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்ர், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கிற ஆனாபானசதி. எங்கள் கிளினிக்கிலும் அது உதவியது. ஆனால் விலகிப்போகிற ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் தியானத்தில் இருத்துவதில்லை. வாய்விட்டு, கண் திறந்து, கையில் மணியை உருட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம். வைத்தியர் ஐயா சிரோதாரா பற்றிச் சொன்ன அதே காரணம்தான்.

அவள் எப்போதாவது உயிரை மாய்ப்பது பற்றிக் கதைத்தால் காத்திருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

லெப்_பொடியன்

மருந்து ஆய்வுகூடத்தில் வேலை. ஆயுர்வேதத்துக்கு எதிரி இல்லை, போத்தலுக்குள் இருப்பதை நம்பாதவன், அவ்வளவே.

வல்லாரைக்கு ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. 2000-இல் வெளியான கனடா ஆய்வு. நல்ல சுகமுள்ள 40 பேர். ஒரு பகுதிக்கு 12 கிராம் வல்லாரை, மற்றவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்து, திடீர்ச் சத்தம் கேட்டால் எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். வல்லாரை குடித்தவர்கள் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குறைவாகத் திடுக்கிட்டார்கள். தங்கச்சியின் அக்காவுக்கு வெடிச் சத்தம்தான் பிரச்சினை என்பதால் சொல்கிறேன். ஆனால் அது ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வு, நோயாளிகளிடம் செய்ததும் இல்லை. சம்பல் சாப்பிடுவதற்கு இது போதிய காரணம், மாத்திரையை நிறுத்துவதற்குப் போதாது.

அடுத்தது அமுக்கரா. அசுவகந்தா என்பதும் அதுதான், ஊர் முழுக்க இப்போது அந்தக் கப்சூல்தான். ஈரல் பாதிப்பு வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தைரொயிட் சுரப்பைக் கூட்டலாம். தூக்கம் வரவைக்கிற மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் இரட்டிப்பாகும். டென்மார்க் 2023-இல் தடையே போட்டுவிட்டது. தடை கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் கிளினிக்கில் கேட்காமல் வேண்டாம்.

கடைசியாக, "நரம்புக்கு நல்லது, நித்திரைக்கு நல்லது" என்று பேர் ஒட்டாத தூள்கள். அதில் சர்ப்பகந்தா இருக்கலாம். அந்த வேரிலிருந்துதான் 1952-இல் ரெசர்பைன் பிரித்தெடுத்தார்கள். மேற்கில் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதைக் கொடுத்த காலம் உண்டு. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவதும், சிலருக்கு மனச்சோர்வு வந்ததும் பிரச்சினையானது. சும்மா பச்சிலை இல்லை அது, முழு மருந்து. பிறகு மதன மோதகம். நாட்டு மருந்துக்கடையில் வாங்கி "ஆயுர்வேதம்தானே" என்று பொடியன்கள் சாப்பிடுகிறார்கள். அதில் கஞ்சா சேரும். கஞ்சா தன்னைத் தானே அந்நியமாக உணர்கிற நிலையைக் கிளப்பிவிடக்கூடியது. இந்த இழையை வாசிக்கிற இளம் ஆட்கள் யாருக்காவது "நான் நான் இல்லாத மாதிரி" இருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

உலோகக் கதையும் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் பொஸ்டன் பக்கக் கடைகளில் வாங்கின 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008-இல் இணையத்தில் வாங்கின 193-இலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதே கதை. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்துச் செய்த தூளை யாராவது நீட்டினால் இந்தப் பிரச்சினைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈயமே மூளையைக் குழப்புகிற சாமான்.

பழைய_ஏடு

முறைப்படி சுத்தி செய்த பஸ்பம் வேறு, கடையில் விற்கிறது வேறு.

லெப்_பொடியன்

வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும் அண்ணை? போத்தலைத் தட்டிப் பார்த்தா?

உப்புவெளி_எண்ணெய்க்காரி

நான் கடற்கரை ஹோட்டல் ஸ்பா ஒன்றில் வேலை செய்கிறேன். தங்கச்சியின் சொந்தக்காரர் எங்கே வேலை என்று தெரியாது, எங்கள் இடமாகவும் இருக்கலாம், ஹஹ.

உண்மையைச் சொல்கிறேன். எங்களுடையது வைத்தியம் இல்லை. அறை அரை இருட்டு, மெல்லிய பாட்டு, கண்ணுக்கு மேல் ஈரப் பஞ்சு. வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கும். முடிந்து எழும்பும்போது சிலர் "எத்தனை மணி, நான் எங்கே" என்று கேட்பார்கள். ஒருத்தி எழும்பி உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல் விக்கி விக்கி அழுதாள். அதற்காகவே முடிந்த பிறகு உடனே அனுப்ப மாட்டோம். கதிரையில் இருத்தி, காலில் செருப்பைப் போடச்சொல்லி, இஞ்சித் தேத்தண்ணி கையில் கொடுத்து, குடித்து முடியும்வரை பக்கத்தில் நிற்போம். சூடான கோப்பையைப் பிடித்தவுடன் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வைத்தியர் எழுதியதை வாசித்த பிறகுதான் ஏன் என்று விளங்குகிறது.

பதிவு செய்யும்போது "உங்களுக்கு மனநல மருந்து ஏதும் உண்டா" என்று எங்களிடம் ஒருவரும் கேட்கச் சொல்வதில்லை. பிரஷர், கர்ப்பம் மட்டும்தான் கேட்போம். ஆகவே அக்காவை இப்படியான இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். வேண்டுமென்றே செய்ய விருப்பமென்றால் வைத்தியரிடம் செய்யுங்கள், ஸ்பாவில் வேண்டாம். என் முதலாளி இதை வாசிக்காமல் இருக்க வேண்டும்.

திருக்கடலூர்த்_தங்கச்சி

எல்லாருக்கும் நன்றி. சிரோதாரா இப்போதைக்கு இல்லை என்று சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முகம் கோணினார்.

தாதி அம்மா, வாய் சப்புகிறாளா என்று நான் கவனித்ததே இல்லை. வீடியோ எடுக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அம்மா அக்காவை வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்க வைக்கிறா. வருகிற கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடு இருக்க வேண்டும் என்று நேர்த்தியும் வைத்திருக்கிறா. இதுவும் வாதத்தைக் கூட்டுமா? மற்றது, கன்னியா வெந்நீர் ஊற்றில் முழுகினால் நரம்புத் தளர்ச்சி போகும் என்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா?

நிலாவெளி_வைத்தியர்

விரதம் கூட்டும். சந்தேகமே இல்லை. வெறும் வயிறு, தலைச்சுற்று, நித்திரை குறைவு மூன்றும் சேர்ந்தால் அவள் இன்னும் எளிதாக விலகுவாள். மாத்திரையையும் வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள். நேர்த்தியை அம்மா தன் பேரில் மாற்றிக்கொள்ளலாம். முருகன் தாய்க்கும் சேர்த்துத்தான் கேட்பார். இல்லாவிட்டால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருக்கட்டும். நோயாளிக்கு அந்தச் சலுகை எப்போதும் உண்டு, ஐயரிடமே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் சொல்லைவிட ஐயரின் சொல் அம்மாவிடம் எடுபடும்.

சாப்பாடு சூடாக, நேரத்துக்கு. காலையில் வல்லாரை இலைக்கஞ்சியில் ஒரு கரண்டி நெய் விட்டுக் கொடுக்கலாம். இரவில் இஞ்சி தட்டிப் போட்ட பால் ஒத்துக்கொண்டால் நல்லது. சரகம் சொல்லும் மேத்ய ரசாயனங்கள், அதாவது புத்திக்கு வலுவூட்டும் மருந்துகள் நாலு: வல்லாரைச் சாறு, பாலோடு அதிமதுரத் தூள், சீந்தில் சாறு, சங்கபுஷ்பி விழுது. முதலாவது உணவாகவே எங்கள் மேசையில் இருக்கிறது. கடைசியை நீங்களாக வாங்காதீர்கள். சங்கபுஷ்பி என்று கேட்டால் ஒரு கடையில் விஷ்ணுகிராந்தி தருவார்கள், இன்னொரு கடையில் நீலக் காக்கட்டான். இரண்டும் வேறு வேறு செடி. அதிமதுரம் நீண்ட நாள் எடுத்தால் பிரஷர் ஏறும். சீந்திலுக்கும் ஈரல் பற்றி லெப் பொடியன் சொன்ன மாதிரிப் பதிவுகள் உண்டு. ஆகவே கஞ்சியும் சம்பலும் போதும்.

கன்னியா. இளஞ்சூட்டுத் தண்ணீர் உடம்புக்கு நல்லதுதான். தலைக்குச் சூடு வேண்டாம், கண்ணுக்கும் மயிருக்கும் கூடாது என்று இன்னொரு ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது. ஆனால் எனக்கு யோசனை வேறு. இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய கிணறுகள் என்று கதை உள்ள இடம் அது. எங்கள் சனம் இன்றைக்கும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற இடம். கடலில் ஆட்களை இழந்த பிள்ளை அங்கே போய் நின்றால் என்ன நினைவு கிளம்பும்? அவளிடமே கேளுங்கள். போக விருப்பம் என்றால் சனம் குறைந்த வேலை நாளில் போங்கள். இல்லையென்றால் வீட்டில் சுடுதண்ணீர் வையுங்கள்.

சம்பூரான்

"அவளிடமே கேளுங்கள்." இந்த இழை முழுக்க அம்மா, சொந்தக்காரர், நாங்கள் எல்லாரும்தான் கதைக்கிறோம். அக்காவுக்கு என்ன விருப்பம் தங்கச்சி?

திருக்கடலூர்த்_தங்கச்சி

கேட்டேன். கால் எண்ணெய் பரவாயில்லையாம். விரல் பேர் சொல்லுகிறது விசர் வேலையாம், ஆனாலும் நேற்று இரவு செய்தாள். கன்னியாவுக்கு வரமாட்டாளாம். கிளினிக்கில் கதைக்கப் போவாளாம், ஆனால் அம்மா கூட வரக்கூடாதாம். விரதம் பற்றி ஐயரிடம் கேட்க வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்குப் போகிறேன்.

கிளினிக்_தாதி

அம்மா வரக்கூடாது என்றால் அம்மாவை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லுங்கள். உள்ளே தனியாகக் கதைக்க அவளுக்கு உரிமை உண்டு. மருந்துக் கொப்பியையும், வைத்தியர் ஐயாவிடம் ஏதும் எடுத்தால் அதன் பேரையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஆயுர்வேதம் என்று சொன்னால் டொக்டர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். ஏசினாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரிய வேண்டும்.

பழைய_ஏடு

கால் எண்ணெய்க்கு நல்லெண்ணெயை விட க்ஷீரபலா தைலம் நல்லது. பாட்டன் அதைத்தான் கொடுப்பார். அதற்கு ஒருத்தரும் சண்டை பிடிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நிலாவெளி_வைத்தியர்

இல்லை, அதில் நானும் உங்களோடு. வெளியே பூசத்தானே. வாங்குகிறபோது காலாவதித் தேதியைப் பாருங்கள், எண்ணெய் காறல் மணம் அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

தெரியாத வைத்தியர் யாரிடமாவது போவதாக இருந்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு 31-ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு இருக்க வேண்டும். கேட்டால் கோபிக்கிறவரிடம் போகத் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து வந்த இளம் வைத்தியர்களும் இப்போது இங்கே இருக்கிறார்கள். தமிழில் ஆறுதலாக இருந்து கேட்பார்கள்.

கிண்ணியாக்_காக்கா

தங்கச்சி, கஞ்சிக்கு வல்லாரை எங்கள் பக்கம் வயல் வாய்க்கால் ஓரமெல்லாம் கிடக்கிறது. ஆனால் அதைப் பிடுங்கிச் சமைக்காதீர்கள், வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. வேரோடு கொஞ்சம் எடுத்துத் தருகிறேன், சட்டியில் நல்ல மண் போட்டு நிழலில் நடுங்கள். முதல் இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகத் துளிர்ப்பதைச் சமைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டவுன் பக்கம் வருவேன், இன்பொக்ஸில் வாருங்கள்.